கூண்டின் மேல் உட்கார்ந்த பூனை: ஒரு சென்னை வீட்டின் இரண்டு கினிப்பன்றிகள்

பூனை இருக்கும் வீட்டில் கினிப்பன்றியோ ஹாம்ஸ்டரோ வளர்க்கலாமா என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறார்கள். பூனை இதுவரை கடித்திருக்கிறதா, இல்லையா என்பதுதான் அது. கடிக்கவில்லை என்றால் கவலை இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பதற்காகவே இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். இதில் வரும் இரண்டு கினிப்பன்றிகளும் முதன்முதலில் சிகிச்சைக்கு வந்தபோது, பூனையின் பல்லோ நகமோ அவற்றின் மேல் பட்டிருக்கவில்லை. ஆனாலும் இரண்டும் மெலிந்துகொண்டிருந்தன.

வீடும் விலங்குகளும்

அம்பத்தூர் பக்கம் மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. அப்பா, அம்மா, பாட்டி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். கினிப்பன்றிகளுக்குப் பட்டாணி, சுண்டல் என்று பெயர். ஒரே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகள், இரண்டு வயது. பூனைகளும் இரண்டு. மூத்தது மீனு என்ற பெண் பூனை. குட்டியாக இருந்தபோதே வீட்டுக்கு வந்து, கருத்தடை அறுவை சிகிச்சையும் முடிந்து, நாளின் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிக்கும் பூனை. இளையது கருப்பன். மழைக்காலத்தில் தெருவிலிருந்து எடுத்து வந்த, ஒரு வயதுகூட நிறையாத ஆண் பூனை. தெருவில் தன் இரையைத் தானே பிடித்துத் தின்று வளர்ந்தவன்.

முதல் ஒன்றரை ஆண்டுக் காலம் கினிப்பன்றிக் கூண்டு மகளின் அறையில் இருந்தது. ஏப்ரலில் வெயில் ஏறியதும் மேற்கு பார்த்த அந்த அறை பிற்பகலில் அனலாகக் கொதித்தது. வெப்பநிலை 30 டிகிரியை நெருங்கினாலே கினிப்பன்றிக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. வியர்த்துத் தணித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. இதை அந்தக் குடும்பம் சரியாகவே அறிந்திருந்தது. அதனால் காற்றோட்டமுள்ள கூடத்துக்குக் கூண்டை மாற்றினார்கள். விலங்குகளின் நலனை எண்ணிச் செய்த மாற்றம் அது. கூடம் பூனைகளின் இடம் என்பது மட்டும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வந்த புகாரும் பரிசோதனையும்

"பட்டாணி சரியாகச் சாப்பிடுவதில்லை, டாக்டர். பல் ஏதாவது வளர்ந்திருக்குமோ?" என்று அம்மா கேட்டார். நியாயமான சந்தேகம். கினிப்பன்றியின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. பின்பற்கள் சாய்ந்து வளர்ந்து நாக்கை மூடிக்கொண்டால் பசி இருந்தும் மெல்ல முடியாது. உணவு குறைந்த கினிப்பன்றியைப் பார்த்ததும் எந்த மருத்துவரும் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார்.

முன்பற்கள் நேராக இருந்தன. காது பார்க்கும் கருவியின் ஒளியில் பின்பற்களிலும் குறை தெரியவில்லை. மோவாயில் எச்சில் ஈரம் இல்லை. ஈறில் இரத்தக் கசிவோ மூட்டு வீக்கமோ இல்லாததால் வைட்டமின் சி குறைவு என்ற ஐயமும் விலகியது. நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் உற்பத்தி செய்துகொள்ள முடியாது. ஆனால் இந்த வீட்டில் கொய்யாவும் குடைமிளகாயும் தவறாமல் கொடுத்து வந்தார்கள். இந்த வயதுப் பெண் கினிப்பன்றிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது சாதாரணம். தடவிப் பார்த்ததில் அதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் கல் இல்லை. இரைப்பையில் உணவு குறைவாக இருந்தது, குடலில் சிறிது வாயு தெரிந்தது. கூண்டிலிருந்து அள்ளி வந்த புழுக்கைகள் சிறுத்து, உலர்ந்து, ஒழுங்கற்றிருந்தன. போதிய நார் உள்ளே போகவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அடையாளம் வேறில்லை.

பட்டாணியின் எடை 940 கிராமிலிருந்து 810 ஆக இறங்கியிருந்தது. இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பதற்காகத் துணைக்குக் கொண்டுவந்த சுண்டலையும் தராசில் வைத்தேன். "இவள் நன்றாகத்தான் இருக்கிறாள்" என்றார்கள். 950 கிராம் இருந்தவள் 870. முதுகில் ஓரிடத்தில் முடி கத்தரித்தது போல் குறைந்திருந்தது; தோலில் சிரங்கோ செதிலோ இல்லை. கினிப்பன்றிகள் மன அழுத்தத்தில் ஒன்றின் முடியை மற்றொன்று மென்று தின்பதுண்டு.

ஒன்று மட்டும் மெலிந்தால் அதன் உடலுக்குள் தேட வேண்டும். ஒரே கூண்டிலுள்ள இரண்டும் சேர்ந்து மெலிந்தால், உடலை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும். உலர்புல் மாறியதா, தீவனம் பழையதா, தண்ணீர்க் குப்பி அடைத்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் மாறவில்லை. அப்போதுதான் அதுவரை பேசாமலிருந்த பாட்டி சொன்னார்: "முன்பெல்லாம் நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் போதும், கொத்தமல்லிக்காக இரண்டும் விசில் அடிக்கும். கூடத்துக்கு வந்த பிறகு சத்தமே இல்லையப்பா."

நான் பார்த்த எல்லாச் சோதனை முடிவுகளையும்விட அந்த ஒரு தகவல்தான் என்னைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. உணவை எதிர்பார்த்துக் கூவும் அந்த நீண்ட விசில் மனிதரோடு வாழும் கினிப்பன்றிகளின் அன்றாடக் குரல். பழகிய வீட்டில் அது திடீரென்று நின்றுபோனால் காரணம் இருக்கும்.

பிற்பகல் பதிவு

பழைய கைபேசி ஒன்றைக் கூண்டுக்கு எதிரே வைத்து ஒரு பிற்பகல் முழுவதும் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அம்மா உடனே தன் கைபேசியில் ஏற்கெனவே இருந்த படங்களைக் காட்டினார். கம்பிக் கூண்டின் மேல் கருப்பன் படுத்திருக்கிறான். கீழே இரண்டு கினிப்பன்றிகளும் அசையாமல் இருக்கின்றன. "மூன்றும் நல்ல சிநேகம், டாக்டர். மணிக்கணக்காக இப்படியே இருக்கும்" என்றார். அவர் குரலில் இருந்த பெருமிதம் உண்மையானது. அதை உடைத்துச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

படத்தில் கருப்பனின் காதுகள் இரண்டும் முன்னோக்கி இருந்தன. கண்மணி விரிந்திருந்தது. உடல் முழுவதும் அசைவற்றிருக்க, வால் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்வல்ல, வேட்டையின் முதல் நிலை. கீழே இருந்த இரண்டின் அசைவின்மையும் அமைதியல்ல. ஆபத்தைக் கண்ட கினிப்பன்றி ஓட வழியிருந்தால் ஓடும், வழியில்லையென்றால் உறைந்துபோகும். இரைவிலங்கு உறைந்து நிற்பதை நாம் பொறுமை என்றும் பழக்கம் என்றும் படித்துக்கொள்கிறோம். இணையத்தில் பூனையும் ஹாம்ஸ்டரும் மூக்கோடு மூக்கு உரசும் படங்களுக்குக் கிடைக்கும் பாராட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன. அந்தச் சிறு விலங்கின் முகத்தில் அச்சத்தைப் படிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே காரணம்.

பிற்பகல் பதிவு இன்னும் தெளிவாக இருந்தது. கருப்பன் கூண்டின் மேலிருந்த நேரம் முழுவதும் இரண்டும் ஒரே அட்டைப் பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. தண்ணீர்க் குப்பி பெட்டியிலிருந்து ஒரு சாண் தொலைவில்தான், அதற்குக்கூட வரவில்லை. மீன் வேகும் மணத்துக்குக் கருப்பன் சமையலறைக்கு ஓடிய பிறகும் நெடுநேரம் வெளியே தலைகாட்டவில்லை. இரவில் பூனைகள் பெற்றோரின் அறைக்குள் போய்க் கதவு சாத்தப்பட்ட பின்புதான் தின்றன. கினிப்பன்றியின் குடல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு இறங்கிக்கொண்டே இருப்பதற்காக அமைந்தது; மேலிருந்து உணவு வந்தால்தான் கீழே நகரும். பகல் முழுவதும் பட்டினி, நள்ளிரவில் உணவு என்ற முறையை அது தாங்காது. வாயு, எடைக் குறைவு, சிறுத்த புழுக்கை எல்லாமே இங்கிருந்து வந்தவை. நீடித்திருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

எனவே நான் கோப்பில் எழுதிய முடிவு இது: நோய்க்கிருமி இல்லை, பல் நோய் இல்லை; வேட்டை விலங்கின் இடைவிடாத அருகாமையால் வந்த உணவுக் குறைவு.

கூண்டால் தடுக்க முடியாதது

"கம்பிதான் இருக்கிறதே, டாக்டர். அவனால் ஒன்றும் செய்ய முடியாதே" என்றார் அப்பா. கம்பி நகத்தைத் தடுக்கும். பார்வையையும் மணத்தையும் ஒலியையும் தடுக்காது.

மணத்தைப் பற்றி உறுதியான ஆய்வு உண்டு. பூனையின் எச்சிலில் உள்ள ஒருவகைப் புரதத்தைச் சுண்டெலிகள் மூக்கின் அடியிலுள்ள தனி உறுப்பு ஒன்றால் உணர்கின்றன என்று 2010இல் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த எலிகள் ஆய்வகத்தில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவை. பூனையைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் பயந்தன. "எங்கள் எலி பூனையோடு பிறந்து வளர்ந்தது, பயம் தெரியாது" என்ற வாதத்துக்கு இது போதுமான பதில். பூனை தன் உடல் முழுவதையும் நக்கிச் சுத்தம் செய்யும் விலங்கு. எச்சில் அதன் மயிரிலெல்லாம் படிந்திருக்கிறது. பூனையைத் தடவிய கையோடு கூண்டுக்குள் கை விட்டால் பூனையின் மணமும் கையோடு உள்ளே போகிறது.

ஒலியும் அப்படித்தான். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வு என்ற அளவில் நின்றுவிடுகிறது. பூனையின் காது ஏறத்தாழ 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையைக் கண்ட எலிகள் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதை ஹவாயில் ஆய்வு செய்தவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அமைதியான கூடம் என்று நாம் நினைக்கும் இடத்தில் நமக்குக் கேட்காத உரையாடல் நடந்துகொண்டிருக்கலாம். பூனைக்கு அது முழுவதும் கேட்கும்.

அப்பாவின் அடுத்த வாதம், கருப்பனுக்கு வயிறு நிறையச் சோறும் மீனும் கொடுக்கிறோம் என்பது. பசியும் வேட்டையும் பூனையின் மூளையில் தனித்தனியாக இயங்குகின்றன. 1976இல் வெளியான ஓர் ஆய்வில், விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் எலியை விட்டபோது அவை தட்டை விட்டு எழுந்து எலியைக் கொன்றன. பிறகு அதைத் தட்டருகே இழுத்து வந்து போட்டுவிட்டு, விட்ட உணவையே தொடர்ந்து தின்றன. பசிக்காகக் கொல்வதல்ல, வாய்ப்பு வந்ததால் கொல்வது. இதற்காகக் கருப்பனைக் குறைசொல்ல எதுவும் இல்லை. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடித்தான் பூனையினம் மனிதரிடம் வந்து சேர்ந்தது; பல்லாயிரம் ஆண்டுகளாக நாம் அதை வைத்துக்கொண்டதும் அந்தத் திறமைக்காகவே.

முதல் ஏற்பாடு

அன்றே கூண்டு மகளின் அறைக்குத் திரும்பியது. அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்றேன். வெப்பத்துக்கு, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைப்பது, சன்னலுக்கு வெளியே ஈரச் சாக்கு கட்டுவது, உச்சி வெயில் நேரத்தில் மட்டும் பெற்றோரின் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோய், அப்போது பூனைகளை வெளியே விடுவது என்று ஏற்பாடு செய்தோம். அறைக் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் சுருள்வில் போடத் தச்சரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வருவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

கடி

உறவினர்கள் வந்திருந்தார்கள். வந்த சிறுவன் ஒருவன் கினிப்பன்றியைப் பார்க்க ஆசைப்பட்டு அறைக்குள் போனான், கூண்டின் மேல்மூடியைத் தூக்கினான். திறந்த கதவு வழியே கருப்பன் நுழைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மகளின் அலறல் கேட்டுப் பாட்டி ஓடிப்போய்க் கருப்பனைப் பிடித்துத் தூக்கியபோது பட்டாணி அவன் வாயில் இருந்தது, தூக்கியதும் விட்டுவிட்டான். எல்லாம் சில நொடிகள்.

"இரத்தமே வரவில்லை, டாக்டர். ஓடிப்போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. நாளைக்குக் காலையில் கூட்டி வரட்டுமா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். உடனே வரச் சொன்னேன். இதைப் படிக்கும் எவரும் மறக்கக் கூடாத இடம் இது. சிறு விலங்கு பூனையின் வாய்க்குள் போய் வந்திருந்தால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது அவசர சிகிச்சை.

முடியை மழித்துப் பார்த்தபோது இடது தோளுக்குப் பின்னால் இரண்டு துளைகள், குண்டூசி முனை அளவு. பூனையின் கோரைப்பல் மெல்லியது, நீண்டது. உள்ளே ஆழமாக இறங்கி வெளியே வந்ததும் தோல் மூடிக்கொள்ளும். மேலே ஒன்றுமில்லாதது போலத் தெரியும். உள்ளே பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் காற்றுப் புகாத இடத்தில் அடைபட்டுக் கிடக்கும். பெரும்பாலான பூனைகளின் வாயில் இந்தக் கிருமி இயல்பாகவே வாழ்கிறது. பூனைக்கு அதனால் தொல்லை இல்லை. ஒரு கிலோவுக்கும் குறைவான உடலில் அது இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் முறியவில்லை, நுரையீரல் சுருங்கவில்லை. உடல் சில்லிட்டிருந்தது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு தோலுக்கடியில் திரவம், வலிக்கு மெலாக்ஸிகாம். அதிர்ச்சி சற்றுத் தணிந்த பின்பே துளைகளைச் சலைனால் ஆழமாகக் கழுவினேன். அவற்றைத் தைக்கவில்லை, இத்தகைய காயத்தைத் தைத்து மூடினால் சீழை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். அப்பா கையோடு ஒரு மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தார். முந்தைய ஆண்டு மீனுவுக்குச் சீழ்க்கட்டி வந்தபோது கொடுத்த அமாக்சிசிலின்–கிளாவுலனிக் அமில மருந்தின் மீதி. "பூனைக் கடிக்கு இதுதானே கொடுத்தார்கள், வீட்டிலேயே ஒரு வேளை கொடுத்துவிடலாமா என்று யோசித்தோம். கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன்" என்றார். அவர் கேட்டதுதான் பட்டாணியைக் காப்பாற்றியது. பூனைக்கும் நாய்க்கும் மனிதருக்கும் பூனைக் கடிக்கு முதலில் நினைவுக்கு வரும் மருந்து அது. கினிப்பன்றிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் நஞ்சு. அதன் குடலில் நார்ப்பொருளைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகளை அது அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற தீய கிருமி பெருகி நச்சைச் சுரக்கிறது. வயிற்றுப்போக்கு தொடங்கி, சில நாட்களில் மரணம். பென்சிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. ஹாம்ஸ்டருக்கும் இதே ஆபத்து உண்டு. எலிகளும் சுண்டெலிகளும் ஓரளவு தாங்குகின்றன.

1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி என்ற ஆய்வாளரின் குழு பென்சிலினை முதன்முதலில் உயிருள்ள விலங்குகளில் சோதித்தபோது எட்டுச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டது. மருந்து பெற்ற நான்கும் தொற்றிலிருந்து தப்பின. பென்சிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்ற செய்தி 1943இலேயே பதிவாகிவிட்டது. அன்று மேசையில் கினிப்பன்றிகள் இருந்திருந்தால் அந்த மருந்தின் கதை எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பட்டாணிக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினேன். அளவுகளை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எடை, வயது, நீர்ச்சத்து பார்த்துக் கணக்கிட வேண்டியவை அவை. வீட்டில் ஊகித்துக் கொடுக்கக் கூடாதவை.

அன்றிரவிலிருந்து குடும்பத்தின் வேலை தொடங்கியது. பட்டாணி தானாகத் தின்ன மறுத்தது. காயம் படாத சுண்டலும் அன்று உணவைத் தொடவில்லை. குருணைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஊட்டச் சொல்லிக் காட்டினேன். வாயை நேராக நோக்கிப் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இரவிலும் இடைவெளி விடாமல் ஊட்ட வேண்டியிருந்தது. பாட்டியும் மகளும் முறைவைத்துக்கொண்டார்கள். சமையலறைத் தராசில் தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதினாள் மகள். அந்த நோட்டு எனக்குப் பெரிய உதவி. எடை 765 கிராம் வரை இறங்கி, அங்கே நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. ஒரு துளை ஆறிவிட்டது. மற்றொன்றின் அடியில் மொச்சைக்கொட்டை அளவில் சீழ் கட்டியது. கினிப்பன்றியின் சீழ் கெட்டியானது, தானாக வடியாது. திறந்து கழுவ வேண்டியிருந்தது. அதன் பிறகு காயம் சுத்தமாக ஆறியது.

வீட்டை மாற்றியது

மருந்து முடிந்தது, வீடு பழையபடியே இருந்தால் இவை மீண்டும் வரும். அதனால் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன்.

கதவுதான் முதல் வேலை. தானாக மூடும் சுருள்வில்லும், சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் வந்தன. வலைக் கதவு போடலாமா என்று கேட்டார்கள். அதன் வழியாகப் பார்வையும் மணமும் போகும் என்பதால் முழுப் பலகைக் கதவே இருக்கட்டும் என்றேன். காற்றுக்கு மேலே ஒரு சிறு வலைத் திறப்பு. மேற்குச் சன்னலுக்கு வெளியே தடித்த மூங்கில் தட்டி கட்டியதும் அறையின் வெப்பம் நன்றாகத் தணிந்தது.

கூண்டை மாற்றினார்கள். அரை அங்குல இடைவெளியுள்ள பற்றவைத்த வலை, நான்கடிக்கு இரண்டடி மரச்சட்டம், மேலே ஒளி புகாத பலகை. பலகையை நான் வற்புறுத்தினேன். இரைவிலங்குக்கு மேலிருந்து வரும் பார்வைதான் மிகப் பெரிய அச்சம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒளிந்துகொள்ளும் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் இருந்தால் அது பொறி.

பால்கனியில் உலர்புல் மூட்டையும் பூனைகளின் மணல் தட்டும் அருகருகே இருந்தன. மூட்டையின் மேல் கருப்பன் தூங்கிய குழியும் தெரிந்தது. இதைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் பூனையின் மலத்தில்தான் வெளிவருகின்றன. அதிலும் தெருவில் எலி தின்று வளர்ந்த இளம் பூனை அவற்றை வெளியிடும் வாய்ப்பு அதிகம். படர்தாமரைப் பூஞ்சையும் தெள்ளுப்பூச்சியும் இரண்டு பக்கமும் பரவக்கூடியவை. பூனையின் மூச்சுக்குழலில் தொல்லை தராமல் இருக்கக்கூடிய போர்டெடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரும். புல் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்குள் போய், அறைக்குள்ளேயே இடம்பெற்றது. அந்த அறைக்கென்று தனி விளக்குமாறு, தனித் துடைப்புத் துணி. உள்ளே போகும் முன் கைகழுவல். பூனையை மடியில் வைத்திருந்தால் மேலாடை மாற்றம். பாட்டிக்கு இது முதலில் மிகையாகப் பட்டது. பிறகு அவரே மற்றவர்களைக் கண்காணிக்கத் தொடங்கினார்.

கருப்பனுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். வேட்டையாடப் பிறந்த உயிரை மூன்றாம் மாடியில் அடைத்துவைத்து, இருக்கும் ஒரே சுவாரசியத்தையும் கதவு போட்டுச் சாத்திவிட்டால் அது அந்த விலங்குக்கு இழைக்கும் அநியாயம். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியே திரியும் பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் இரையைப் போன்ற பொம்மையோடு விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. வெள்ளிமணி கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குச்சியில் கட்டிய இறகை வைத்துக் காலையும் மாலையும் விளையாட்டு, முடிவில் உணவு, தெருவும் மரமும் தெரியும் சன்னலருகே உயரமான பலகை, சோற்றைக் குறைத்து மீனும் கோழியும் என்று அவன் நாளை மாற்றி அமைத்தோம். கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்தேன். அவன் மற்ற நேரங்களில் அமைதியானான். மூடிய கதவின் அடியில் மோந்து பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்துவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. விளையாட்டும் உணவும் ஆசையைக் குறைக்கலாம். கதவின் இடத்தை அவற்றால் எடுத்துக்கொள்ள முடியாது.

தொடர் கவனிப்பு

அறை மாறிய முதல் வாரத்திலேயே சுண்டலின் புழுக்கை இயல்பான அளவுக்கு வந்துவிட்டது. பட்டாணிக்குக் காயத்தால் கூடுதல் காலம் பிடித்தது. மழை தொடங்கும் முன் 900 கிராமைத் தாண்டியது. சுண்டலின் முதுகில் முடி வளர்ந்துவிட்டது. விசில் திரும்பி வந்த அன்று அம்மா குரல்பதிவு அனுப்பினார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, பாட்டி காய் நறுக்கும் சத்தத்துக்கு இரண்டும் போட்டிபோட்டுக் கூவின. தராசுக்கு அடுத்தபடியாக நான் நம்பும் அளவுகோல் இப்போது அதுதான். கடி இல்லை என்பதை வைத்து அல்ல. பகலில் தின்கிறதா, பெட்டிக்கு வெளியே கால்நீட்டிப் படுக்கிறதா, குரல் கொடுக்கிறதா என்பதை வைத்தே அந்த ஏற்பாடு பொருந்துகிறதா என்று சொல்வேன்.

"மீனுவாவது அறைக்குள் வரலாமா, டாக்டர் மாமா? அவள் ஒன்றுமே செய்யமாட்டாள்" என்று மகள் கேட்டாள். மீனு உண்மையிலேயே கூண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். மீனுவுக்கு அக்கறை இல்லை என்பது பட்டாணிக்குத் தெரியாது. அதற்கு இரண்டு பூனைகளின் மணமும் ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒதுக்க ஓர் அறை இருந்தது. கதவு சாத்தும் அறை இல்லாத வீட்டில், ஒரே கூடமும் சமையலறையுமாக உள்ள வீட்டில், பூனை இருந்தால் கினிப்பன்றியோ ஹாம்ஸ்டரோ எலியோ வளர்க்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறேன். கேட்பவர்களுக்கு அது கசக்கிறது. இருந்தும், சிறு கூண்டை அலமாரியின் மேல் வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பூனை ஏறாத அலமாரி எதுவும் இல்லை. விழுந்து உடையும் கூண்டிலிருந்து ஓடும் ஹாம்ஸ்டரைப் பூனையிடமிருந்து மீட்க யாராலும் முடியாது.

கடைசியாக வந்தபோது மகள் ஹாம்ஸ்டர் ஒன்றும் வேண்டும் என்று கேட்டாள். அந்த அறையிலேயே தனிக் கூண்டில் வைக்கலாமே என்றாள். குள்ள ஹாம்ஸ்டர் முப்பது நாற்பது கிராம் எடைதான். ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள கம்பி வழியே நெளிந்து வெளியேறிவிடும். இரவில் விழித்திருந்து சக்கரத்தில் ஓடும். அந்த உருளும் ஒலி கருப்பனைக் கதவருகே இரவு முழுவதும் உட்கார வைக்கும். பட்டாணி தாங்கியது போன்ற கடியை அவ்வளவு சிறிய உடல் தாங்காது. இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். பட்டாணியின் எடையை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதி வருகிறாள். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் காத்திருக்காமல் அழைத்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.